குலசிங்கத்தின் சுவிட்ச்

சோம்பேறித்தனத்துக்கு விஞ்ஞானம் என்று பெயர் வைக்கத் தெரிந்தவர் குலசிங்கம். பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. பின்னேரங்களில் வீட்டுக் கொம்பியூட்டரில் ஊராருக்குக் கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று அடித்துக் கொடுப்பார். வேலை சின்னதுதான், அதற்கு முந்திய ஆயத்தம்தான் பெரும்பாடு. மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் பெட்டிக்கு ஒரு பிளக், திரைக்கு ஒரு பிளக், பிரின்டருக்கு, ஸ்கேனருக்கு, ஸ்பீக்கருக்கு என்று தனித்தனியாகச் செருகவேண்டும். தவழ்வது குலசிங்கம் அல்ல, அவர் மனைவி பூரணி. ஒருநாள் குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து தவழ்ந்தவளுக்குக் கரண்ட் அடித்துவிட்டது. முழங்கை வரைக்கும் விறைத்துப்போய்க் குந்தியிருந்தவளைப் பார்த்துக் குலசிங்கம் அழுதேவிட்டார். இனி இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு சுவிட்ச்தான் என்று அன்றைக்கே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரைத் துளைத்து, வீடெல்லாம் தூசியாக்கி, கதவு நிலைக்குப் பக்கத்தில் அந்த ஒற்றைச் சுவிட்சைப் பொருத்தினார். அமுக்கினால் அதில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். அறையில் உள்ள ஐந்து சாமானும் ஒன்றாக எழும்பும். கொம்பியூட்டரின் சொந்தப் பொத்தானைக்கூடத் தொடத் தேவையில்லை. கரண்ட் வந்தால் தானாக எழும்பும்படி அதன் உள்ளே ஏதோ ஒன்றை மாற்றி வைத்திருந்தார். அதோடு விட்டாரா மனிதர்? எழும்பும்போது வழக்கமாக வருகிற சங்கீதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் குரலையே பதிந்து வைத்தார்.

"பூரணி, நான் வந்திட்டன். தேத்தண்ணி ஊத்து."

முதல்நாள் கேட்டபோது அவள் உண்மையாகவே கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தார் குலசிங்கம்.

அந்தச் சுவிட்சோடு ஒரு சட்டமும் வந்தது. கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை நிறுத்துவது. இல்லாவிட்டால் கரண்ட் திரும்பி வருகிற வேகத்தில் ஐந்தும் ஒன்றாக எழும்பும், ஏதாவது ஒன்று எரிந்துபோகும் என்பது அவர் வாதம். வெளிச்சம் போனதும் சோற்றுக்கையோடு இருந்தாலும் அவருடைய கால் தானாக அந்த அறைக்குப் போய்விடும். இருட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் நெருப்புப்பெட்டி தேடுவார். பூரணிக்கு அந்தப் பழக்கம் கடைசிவரை வரவில்லை. "எத்தினை தரம் சொல்லுறது?" என்று அவர் பேசுவதும், "அதுதான் நீங்கள் இருக்கிறீங்களே" என்று அவள் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

இதெல்லாம் நடந்தது திருகோணமலையில் கரண்ட் போகிறதுக்கு வேறு காரணங்களும் இருந்த காலத்தில். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. கடலில் சந்தேகமான படகு, வானத்தில் சந்தேகமான இரைச்சல் என்று ஒரு செய்தி வந்தால் போதும், நகரம் முழுவதும் ஒரே நொடியில் இருண்டுபோகும். நேவி முகாம், கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல் என்று பார்க்காமல் எல்லாம் இருட்டு. ஊருக்கே ஒற்றைச் சுவிட்ச் வைத்துக்கொண்டு எங்கேயோ ஒருவன் இருந்தான். குண்டு போட விமானம் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஊரோ இரண்டு பக்கத்தாலும் அரண்டுபோன ஊர்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கடைத்தெருச் சுவர்களில் இராணுவத்தைத் திட்டி ஒரு துண்டுப்பிரசுரம் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் யாரென்று தெரியவில்லை. யார் வீட்டில் பிரின்டர் இருக்கிறது என்று விசாரணை தொடங்கியது. இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, குலசிங்கத்தின் பிரின்டரில் ஒரு தாள் அடித்துப் பார்த்து, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள். "மடியிலை கனமிருந்தால்தானே வழியிலை பயம்" என்றார் குலசிங்கம். அடுத்த கிழமை காலையில் கந்தோருக்குப் போனவர் போனவர்தான். அவருடைய சைக்கிள் கந்தோருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு வேலியில் சாய்ந்து நின்றது. சோற்றுப் பார்சல் கரியரிலேயே இருந்தது. வீதியில் அத்தனை சனம் இருந்தும் கண்டவர் ஒருவரும் இல்லை.

பிடித்துக்கொண்டு போனார்களா, பிடிக்க வந்ததைக் கண்டு ஓடினாரா? பூரணிக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு கேள்விக்கு விடை. முகாம், பொலிஸ், செஞ்சிலுவைக்காரர் என்று அலைந்தாள். எங்கேயும் விடை கிடைக்கவில்லை. அந்த மோட்டார் சைக்கிள்காரர் மாத்திரம் இடைக்கிடை வந்து வாசல் படலையில் நின்று, "அக்கா, அண்ணை வந்தவரோ?" என்று நல்ல தமிழில் கேட்பார்கள். அவர்கள் கேட்பதால் ஆள் அவர்களிடம் இல்லை என்று சிலர் சொன்னார்கள். கொண்டுபோனவன்தான் வந்து கேட்பான், அது ஒரு நாடகம் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

வேறு பெண்கள் காணாமற்போன கணவனின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்தார்கள். பூரணி சுவிட்சைப் போட்டபடியே வைத்தாள். கொம்பியூட்டரை மாத்திரம் உறங்கவைப்பாள், சுவரில் இருப்பதைத் தொடவே மாட்டாள். கரண்ட் போய்த் திரும்பும் நேரமெல்லாம் அந்த வெறும் அறையில் திரை வெளிச்சமாகும். பிரின்டரின் தலை கரகரவென்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடி நிற்கும். ஸ்பீக்கர் 'டொக்' என்று செருமும். பிறகு அவர் பேசுவார்.

"பூரணி, நான் வந்திட்டன். தேத்தண்ணி ஊத்து."

அந்த ஒரு வசனத்துக்காக அவள் கரண்ட் போகவேண்டும் என்று காத்திருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டுமானால், விமானம் வரவேண்டும் என்றுகூட விரும்பினாள்.

வீட்டு முன் ஒழுங்கையில் இருந்தவர்களுக்கும் அந்தக் குரல் பழகிப்போனது. முதலில் பயந்தார்கள். குலசிங்கத்தின் பேய் என்று பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிறகு, கரண்ட் வந்துவிட்டதற்கு அதுவே அடையாளம் என்றாகிவிட்டது. "குலசிங்கத்தார் வந்திட்டார், லைற்றைப் போடுங்கோ" என்று பகிடி பண்ணினார்கள். பூரணி அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிள்காரர் படலையில் நிற்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. "இல்லைத் தம்பி, அவர் வரேல்லை" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து அவர் குரல் வந்துவிட்டதைச் சொன்னது. முன்னால் நின்றவன் அவளைத் தள்ளிவிட்டு இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். மற்றவன் வேலியைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினான். அறையில் வெறும் கதிரையும் நீலமாக எரிகிற திரையும் இருந்தன. பிஸ்டலை நீட்டியபடி அவன் கொஞ்ச நேரம் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதை நிப்பாட்டுங்கோ" என்றான்.

"நான் நிப்பாட்டுறேல்லை. வேணுமெண்டால் நீங்களே நிப்பாட்டுங்கோ."

அவன் சுவிட்சைத் தொடவில்லை. பின்பக்கமாகவே நடந்து வெளியே போனான்.

குலசிங்கத்தின் தமையன் அருளம்பலம் சாம்பல்தீவில் தோட்டம் செய்கிறவர். மாதத்துக்கு ஒருமுறை மரக்கறியோடு வருவார், அதோடு ஒரு கதையும் கொண்டுவருவார். "பிள்ளை, இருக்கிறானோ இல்லையோ, ஆத்மா அலையக்கூடாது. தர்ப்பையிலை ஒரு உருவம் செய்து, செய்யவேண்டியதைச் செய்திடுவம்."

"உயிரோட இருக்கிற மனுசனை எரிக்கச் சொல்லுறீங்களோ, அத்தான்? இந்தக் கதையோட இனி இந்தப் படலையைத் திறக்காதேங்கோ" என்று மரக்கறிப் பையையும் திருப்பிக் கொடுத்தாள் பூரணி. தாலிக்கொடியை அன்றைக்குச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று பிறகு அப்படியே விட்டாள்.

பூரணியின் வீடு ஓட்டுக்கூரை. அடுத்த வீட்டு மைமூனாவின் வீடு கொங்கிறீற் கூரை. அதனால் ஊர் இருளும்போது ஒழுங்கையில் பாதிச் சனம் மைமூனாவின் விறாந்தையில்தான் இருக்கும். மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள், அந்தி மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்தது. பூரணி குசினிக் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். விறாந்தையில் இருந்தவர்கள் மூச்சையும் அடக்கி வானத்தைக் கேட்டார்கள். துறைமுகப் பக்கம் வெளிச்சக் குண்டு ஒன்று எழும்பி, ஒழுங்கையைக் கொஞ்ச நேரம் மஞ்சளாக்கிவிட்டு அணைந்தது. விமானம் ஒன்றும் வரவில்லை. நெடுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது, பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள்.

பூரணி தன் படலையடிக்கு வந்துவிட்டாள். வழக்கமாக அங்கே வரும்போது குரல் எதிரே வரும். அன்றைக்கு வரவில்லை. கூடத்து லைற் எரிந்தது, குசினி லைற்றும் எரிந்தது. அறை மாத்திரம் இருட்டாகக் கிடந்தது. எரிந்துதான் போயிற்று, அவர் சொன்னது நடந்துவிட்டது, இனி அந்தக் குரலும் இல்லை என்று உள்ளே ஓடினாள். சுவரில் சிவப்புப் பொட்டு இல்லை. கையால் தடவினாள். சுவிட்ச் நிறுத்தப்பட்டிருந்தது.

அவள் தொடவில்லை. அந்த வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. கரண்ட் போனதும் அந்தச் சுவிட்சை நிறுத்துகிற கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

குசினிக் கதவின் கொக்கியை வெளியிலிருந்து ஈர்க்குக் குச்சியால் தூக்கலாம். அந்த வித்தை புருஷனுக்கும் பெண்சாதிக்கும் மாத்திரம் தெரியும். கொக்கி கழன்று தொங்கியது. ஆனால் ஓடுகிற அவசரத்தில் தான் அதைப் போட்டாளா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. அறைக்குள் சேற்று மணம் ஒன்று இருந்தது, களப்போரம் உப்புத்தண்ணீரில் நிற்கிற கண்ணாக்காட்டுச் சேறு மாதிரி. காற்று திரும்பினால் அந்த மணம் ஊர் முழுக்க வரும். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று வெளியே போய்ப் பார்க்க அவளுக்குத் துணிவு இல்லை. கதிரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் மைமூனா வேலிக்கு மேலால் கேட்டாள். "என்ன புள்ள, நேத்து ஒங்கட மனிசன்ட சத்தத்தைக் காணல்ல? கரண்ட் வந்ததே எங்களுக்கு வெளங்கல்ல."

"வயர் கழண்டு போச்சு, மைமூனாக்கா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒழுங்கை முழுவதும் அந்தக் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. குரல் கேட்டால் அவர் வரவில்லை. கேட்காவிட்டால்தான் வந்திருக்கிறார். இதை அவள் கண்டுபிடித்தால் வேறு ஒருவனும் கண்டுபிடிக்கலாம். நிறுத்தியிருந்த சுவிட்சை அன்றைக்கே மறுபடியும் போட்டு வைத்தாள்.

அடுத்த முறை ஊர் இருண்டபோது, குசினி மேசையில் புட்டும் மீன்குழம்பும் மூடி வைத்துவிட்டு, கொக்கியை வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் போனாள். வீட்டிலேயே நின்றிருக்கலாம். தான் இருந்தால் அவர் வராமல் விட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். வருவது அவரில்லாமல் வேறு ஏதாவதாக இருந்தால் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயத்துக்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். விறாந்தையில் மற்றவர்கள் வானத்தைக் கேட்டார்கள், அவள் தன் வீட்டைக் கேட்டாள்.

கரண்ட் வந்தது. குரல் வரவில்லை. ஓடிவந்து பார்த்தாள். சுவிட்ச் நிறுத்தியிருந்தது. புட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். உயிரோடு இருக்கிறவனுக்குப் பசிக்காதா? படைத்ததைத் தொடாமல் போகிறவர்கள் யார்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சுடுகாட்டுக்கு அப்பாலும் பழக்கம் போகுமா என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. பிறகு அவளே தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒளிந்து திரிகிற மனிதன் சாப்பிட்ட கோப்பையை விட்டுப் போவானா? குலசிங்கம் எப்போதும் கவனமான ஆள், ஒரு கடுதாசித் துண்டைக்கூட இடம் மாறி வைக்கமாட்டார். இப்படி ஒரு பக்கம், அப்படி ஒரு பக்கம் என்று விடியும்வரை கிடந்து புரண்டாள்.

அடுத்தநாள் மத்தியானம் மோட்டார் சைக்கிள் வந்தது. அன்றைக்கு வந்தவன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"அக்கா, நேற்றுக் கரண்ட் வந்த நேரம் அண்ணையின்ரை சத்தம் கேக்கேல்லையாமே?"

"வயர் ஒண்டு கழண்டிட்டுது, தம்பி."

"போன முறையும் கழண்டதாமே" என்று சிரித்தான். "வயரைக் கவனமாப் பாருங்கோ."

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து போகும்வரை அவள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த இருட்டில் இவர்கள் வீட்டுக்குள்ளேயே காத்திருப்பார்கள். அவர் பழக்கத்தில் நேராகச் சுவிட்சடிக்குத்தான் வருவார். வராதீர்கள் என்று சொல்ல வழியில்லை. சுவிட்சை நிறுத்தி வைக்கலாம் என்றால், குரல் கேட்காத நாளெல்லாம் அவர்கள் வந்து நிற்பார்கள். அவரைத் தேடுவதை அவர்கள் விடவேண்டும், வேறு வழியே இல்லை. செத்துப்போனவனை மாத்திரம்தான் ஒருவரும் தேடமாட்டார்கள்.

பூரணி பஸ் ஏறிச் சாம்பல்தீவுக்குப் போனாள். தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அருளம்பலம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அத்தான், நீங்கள் சொன்னதைச் செய்யுங்கோ."

அவர் அவளையே பார்த்தார். "ஏன் பிள்ளை, கனவு ஏதும் கண்டனியோ?"

"ஓம்" என்றாள்.

தாலி கட்டின ஒருத்தி, புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு அந்தத் தாலியைக் கழற்றமாட்டாள். இது ஊருக்குத் தெரியும், நல்ல தமிழ் பேசுகிற அந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கும் தெரியும். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவள் அவரை மறைக்கப் பார்த்தாள். மனத்தின் ஒரு மூலையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அவர் இருந்தால் இது அவருக்குக் காவல். இல்லாவிட்டால் அவருக்குச் சேரவேண்டியது சேர்ந்ததாக இருக்கட்டும்.

மரண அறிவித்தலை அவளே அடித்தாள். ஊராருக்கு அடித்துக் கொடுத்த பழைய அறிவித்தல் ஒன்று கொம்பியூட்டரில் இருந்தது, பெயரை மாற்றினால் போதும். எழுப்பியதும், "பூரணி, நான் வந்திட்டன்" என்றார் அவர். "கொஞ்சம் பொறுங்கோ" என்று திரைக்குச் சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கினாள். திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட என்பது வரைக்கும் விரல் ஓடியது. காலமானார் என்ற சொல்லுக்கு முன்னால் திகதி போட வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள். கடைசியில், சைக்கிள் வேலியில் நின்ற நாளைப் போட்டாள். அவர் பொருத்திய சுவிட்சில், அவர் வாங்கிய பிரின்டரில், அவருடைய முகம் நெற்றியிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தது. மை குறைந்திருந்ததால் கண்ணுக்கு மேலே வெள்ளைக்கோடு ஒன்று விழுந்திருந்தது. அதைக் கடைத்தெருச் சுவர்களில், அந்தத் துண்டுப்பிரசுரம் இருந்த இடங்களிலேயே ஒட்டினார்கள்.

கடற்கரையில் ஐயர் தர்ப்பையைக் கட்டிக் கையும் காலும் வைத்தார். அருளம்பலம் கொள்ளி வைத்தார். ஒரு மனிதன் எரிய எடுக்கும் நேரம் அதற்கு எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி ஆலமரத்தடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. பூரணி நெஞ்சில் அடித்து அழுதாள், நடிக்கத் தேவையிருக்கவில்லை. பொட்டை அழித்து, கொடியைக் கழற்றினார்கள். கழுத்து வெறுமையாகி, காற்றுப் பட்டுக் குளிர்ந்தது. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் அவளுக்குக் காற்றுப் பட்டதில்லை.

செத்த வீட்டுத் துடக்கு உள்ளவள் மற்ற வீட்டுப் படி ஏறக்கூடாது. அதனால் அடுத்தமுறை ஊர் இருண்டபோது பூரணி தன் வீட்டில் இருப்பதை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மைமூனா மாத்திரம் வேலிக்கு அப்பாலிருந்து, "பயமெண்டாக் கூப்பிடு புள்ள" என்றாள். பூரணி கொக்கியைக் கழற்றிவிட்டு, அறைக்குள் கதவு நிலையோடு சுவரில் முதுகைச் சாய்த்துக் கதிரையில் உட்கார்ந்தாள். சுவிட்ச் அவள் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும், இது வேஷம், உங்களுக்காகப் போட்டது, இனி இந்தப் பக்கம் வராதேங்கோ, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கோ என்று. சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டாள்.

துறைமுகப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் ஒரு நாய் குரைத்து அடங்கியது. காலடி கேட்கவில்லை, குசினிக் கதவின் கிரீச்சும் கேட்கவில்லை. முதலில் வந்தது சேற்று மணம்தான். அடுத்து, அவள் காதுக்கு அருகில், 'டிக்'.

"இஞ்சருங்கோ" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு கை அவள் தலையில் பட்டது. தலையிலிருந்து காதுக்கு வந்து, காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. முன்பெல்லாம் இருட்டில் அவளைக் கண்டுபிடித்தால் அவர் முதலில் தொடுவது அந்தக் கொடியைத்தான், பெருவிரலால் ஒருமுறை உருட்டிப் பார்ப்பார். விரல்கள் அந்த இடத்தைத் தேடின. ஒரு பக்கம் தேடி, மறுபக்கமும் தேடின. பிறகு அசையாமல் நின்றன.

"அது உங்களுக்காண்டித்தான்..." என்று தொடங்கினாள். அடுக்கி வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. கை கழுத்தை விட்டு எடுபட்டது. அவள் எட்டிப் பிடித்தாள், வெறும் இருட்டுத்தான் கையில் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. கூடத்து வெளிச்சம் அறைக்குள் விழுந்தது. ஒருவரும் இல்லை. குசினிக் கதவு திறந்து கிடந்தது, காற்றுக்கு மெல்ல ஆடியது. பின்னால் ஓடவேண்டும் என்று எழும்பியவளுக்கு வெளியே பிள்ளைகள் 'ஓ' என்று கத்துவது கேட்டது. ஒழுங்கை முழுவதும் இப்போது காது கொடுத்துக்கொண்டிருக்கும். அவர் வேலியைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார். பூரணி திரும்பி, வாழ்க்கையில் முதல்முறையாக, கரண்ட் வந்த உடனேயே சுவிட்சைத் தன் கையாலே போட்டாள். திரை எரிந்தது, பிரின்டர் ஓடி நின்றது.

"பூரணி, நான் வந்திட்டன். தேத்தண்ணி ஊத்து."

வெளியே யாரோ, "குலசிங்கத்தார் வந்திட்டார்" என்றான். செத்த வீட்டுக்குப் பக்கத்தில் என்ன பகிடி என்று இன்னொருவர் அவனை ஏசினார்.

அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் அந்த ஒழுங்கைக்கு வரவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் கண்டபோது அந்த நல்ல தமிழ்க்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவள் போட்ட கணக்குப் பொய்க்கவில்லை. ஊர் மட்டும் பலமுறை இருண்டது. கொக்கியைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு, அந்தக் கதிரையில் அவள் காத்திருந்தாள். மணமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை.

தாங்கமுடியாமல் ஒருநாள் மைமூனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மைமூனா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் கை சூடா இருந்திச்சா புள்ள, குளிரா இருந்திச்சா?"

பூரணி யோசித்தாள். அன்று கழுத்தெல்லாம் வியர்வை. கொடி இருந்த இடம் கழற்றிய நாளிலிருந்தே குளிர்ந்துதான் கிடந்தது. "தெரியேல்லை, மைமூனாக்கா. எனக்கு எங்கை தெரியும்? அவர் தேடினது மட்டும்தான் தெரியும்."

உயிரோடு வந்த மனிதன் என்றால், தன்னை எரித்துவிட்டார்கள் என்று வெறுங்கழுத்தில் அறிந்துகொண்டு போனான். செத்து வந்தவன் என்றால், செய்யவேண்டியதைச் செய்துவிட்டார்கள் என்று அறிந்துகொண்டு போனான். எப்படியென்றாலும் போகச் சொன்னவள் அவள்தான்.

கரண்ட் வரவேண்டும் என்று ஊரெல்லாம் கும்பிட்டது. வந்த பிறகு அந்தக் குரல் கேட்கக்கூடாது என்று அவள் ஒருத்திதான் கும்பிட்டாள். வெளிச்சம் வரும். பிரின்டரின் தலை ஓடி நிற்கும். ஸ்பீக்கர் செருமும். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். பொத்தினாலும் ஒவ்வொரு முறையும் கேட்டது.